வரி வரியாக அவருடைய குரல்

கலியாண வீடு ஒன்றுக்குப் போக வெளிக்கிட்டபோதுதான் அது முதலில் கண்ணில் பட்டது. என் கணவரின் வெள்ளைச் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. சேட் சுருங்கிவிட்டது என்றார் அவர். நான் அவரை வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தி, "ஒருக்கா எச்சில் விழுங்குங்க" என்றேன். கழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு சின்ன உருண்டை மேலே போய்க் கீழே இறங்கியது. கலியாணத்துக்குப் போனோம், சாப்பிட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்கள் குடியிருக்கிற வெள்ளவத்தையிலேயே அவர் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறார். வகுப்பு நடக்கிற மண்டபத்தில் மைக் இருக்கிறது. ஆனால் மின்சாரம் போனாலும் கடைசி வாங்கில் இருக்கிறவனுக்குக் கேட்கிற குரல் அவருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் கொழும்பில் அவர் பிடித்துக்கொண்ட இடம் முழுக்க அந்தக் குரலால் பிடித்ததுதான். வீட்டிலும் அப்படியே. குளியலறையில் இருந்துகொண்டே அடுத்த தொடர்மாடிக்குக் கேட்கும்படி துவாய் கேட்பார். கொட்டாஞ்சேனையில், எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசுகிற ஒரு வீட்டில் வளர்ந்த எனக்குக் கலியாணம் முடித்த புதிதில் அது பெரிய சங்கடமாக இருந்தது.

சில நாட்கள் கழித்து, டொக்டர் கழுத்தை ஸ்கேன் எடுத்த படங்களைப் பார்த்தார். ஊசி குத்தி எடுத்த மாதிரியைச் சோதித்த அறிக்கையையும் பார்த்தார். கட்டி தைரொயிட் சுரப்பியில் இருக்கிறது, நல்லதா கெட்டதா என்று ஊசியால் முடிவாகச் சொல்ல முடியவில்லை, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பிறகு, குரலை அசைக்கிற நரம்பு கட்டிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது என்றும் சொன்னார்.

"கவனமாத்தான் செய்வோம். கனபேருக்கு ஒன்றும் ஆகிறதில்லை. சிலருக்குக் கொஞ்ச நாள் கரகரப்பு இருக்கும். எப்போதாவது ஒருவருக்கு அது போகாமல் அப்படியே தங்கிவிடும். சொல்லாமல் விடக்கூடாது என்பதால் சொல்கிறேன்."

"அப்ப வகுப்பு?" என்று கேட்டார் என் கணவர். கட்டி கெட்டதாக இருந்தால் என்ன என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். தேநீரைக் கையில் கொடுத்தபோது, "இஞ்சரும், உம்மடை கொம்பியூட்டரிலை என்ரை குரலைப் பதிஞ்சு வைக்கலாமே?" என்றார்.

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். என் வேலை முழுவதும் எழுத்துகள் மட்டுமே ஓடுகிற ஒரு கறுப்புத் திரையில். செய்ய வேண்டிய கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி வைத்து, அதை ஒரே அடியில் ஓடவிட்டால் அதற்குப் பெயர் ஷெல் ஸ்கிரிப்ட். அவர் கேட்டது எனக்கு உடனே ஒரு ஸ்கிரிப்டாகத் தெரிந்தது. அவர் சொல்ல வேண்டிய வசனங்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதுவது. ஸ்கிரிப்ட் ஒரு வரியை எடுத்துத் திரையில் பெரிதாகக் காட்டும். அதன் நீளத்துக்கு ஏற்றபடி சில விநாடிகள் மைக்கைத் திறந்து பதிவு செய்யும். இலக்கமிட்டுச் சேமித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். வரிகள் முடியும்வரை இதையே செய்யும். போதிய அளவு பதிவு இருந்தால் பின்னர் ஒரு நாள் புது வசனங்களையும் அவருடைய குரலிலேயே பேச வைக்கலாம் என்று ஒஃபிசில் ஒருவர் சொன்னார். அது நடக்காவிட்டாலும், போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் குரலில் ஒரு முழு வசனம் வரும். அது போதும் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது. கழுத்துக் கட்டியைப் பற்றி நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. இதையாவது செய்யலாம்.

முதலில் நான் தயாரித்த கோப்பு வீணாய்ப்போனது. எல்லா ஒலிகளும் வரட்டும் என்று பத்திரிகைச் செய்திகளிலிருந்து வசனங்களை எடுத்துப் போட்டிருந்தேன். அவர் இரண்டு வரி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"'நீண்டகாலப் பொருளாதார மறுசீரமைப்பின் அவசியத்தை வலியுறுத்தினார்.' இதை நான் ஆருக்குச் சொல்லப் போறன்? உமக்கோ?"

"அப்ப என்ன எழுதுறது?"

"நான் கதைக்கிறதை எழுதும்."

அவர் என்ன கதைக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோது நாலைந்து வரிக்கு மேல் வரவில்லை. அதனால் சில நாட்கள் அவர் வாயிலிருந்து வருவதை வந்த உடனே போனில் குறித்துக்கொண்டேன். "பிள்ளை, எழும்பு, நேரமாகுது." "தேத்தண்ணி ஆறப்போகுது." "மீன் நல்லதே?" இங்கே நிறுத்துங்கள் தம்பி என்று ஓட்டோக்காரருக்குச் சிங்களத்தில் சொல்கிற "மெதன நவத்தன்ன மல்லி". வகுப்பில் சொல்கிற "இதை வடிவாக் கொப்பியிலை எழுதுங்கோ, சோதினையிலை வரும்." தொலைபேசியில் யாழ்ப்பாணத்து அண்ணனிடம் மட்டும் சொல்கிற ஒரு நீளமான "ஓமோமோம்". தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும்போது நடுவருக்குச் சொல்கிறவற்றில் எழுதக்கூடியவற்றை மட்டும் எழுதினேன்.

ஒரு நாள் அவரே வந்து பக்கத்தில் இருந்து கோப்பை மேலிருந்து கீழே வாசித்தார்.

"நான் இவ்வளவு தரம் 'சரி, அடுத்தது' எண்டு சொல்லுறனானே?"

"சாப்பாட்டு மேசையிலயும் சொல்றீங்க."

"ஏச்சு ஒண்டும் எழுதேல்லையே?"

"ஏச்சு எதுக்கு?"

"ஏசாத மனுசன் எண்டால் அது நானில்லையே" என்றார். ஆகவே ஏச்சுகளையும் சேர்த்தோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் அதற்கு நல்ல உதவி செய்தாள். அவளுக்குக் கிடைத்த ஏச்சுகள் எல்லாம் சொல்லுக்குச் சொல் அவளுக்கு ஞாபகம் இருந்தன. அந்த மாலை மூன்று பேரும் கட்டிலில் இருந்து சிரித்த சிரிப்பில், எதற்காக இதைச் செய்கிறோம் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோனது.

பதிவுக்கு உள் அறையைத் தேர்ந்தோம். அலுமாரியும் துணிமணியும் இருப்பதால் எதிரொலி இல்லை. யன்னலைச் சாத்தினோம், மின்விசிறியை நிறுத்தினோம். எங்கள் ஒழுங்கையின் முடிவில் கடற்கரை ரயில் பாதை. ரயில் வரும் ஓசை கேட்டால் நிறுத்தி வைக்கவும் ஸ்கிரிப்டில் வழி செய்திருந்தேன். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை. வகுப்புக்குப் போகிறவர் மாதிரிச் சேட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். யாரும் அவரைப் படம் எடுக்கப் போவதில்லை என்று நான் சொல்லவில்லை.

முதல் வரி அழகாக வந்தது. பிள்ளையை எழுப்புகிற வரி. அவர் சொல்ல, பதிவானது. அடுத்து, தேநீர் ஆறப்போகிறது என்ற வரி வர வேண்டும். திரையில் முதலில் கேள்விக்குறி போட்ட இரண்டு கறுப்புக் கட்டங்கள், அதன் பிறகு "த்தண்ணி ஆறப்போகுது". அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அதற்குள் மைக் திறந்துவிட்டது. அவர் கடமை தவறாமல் "த்தண்ணி ஆறப்போகுது" என்று வாசித்தார். அடுத்த வரியில் மீனைக் காணவில்லை, "ல்லதே?" மட்டும் இருந்தது. அதையும் வாசித்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் விழுந்தாள்.

"என்ரை கழுத்தை டொக்டர் வெட்ட முதல், என்ரை வசனங்களின்ரை கழுத்தை உம்மடை மெசின் வெட்டுது" என்றார் அவர்.

மகளின் சிரிப்பு நின்றது. அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோப்பைத் திறந்து பார்த்தேன். வரிகள் எல்லாம் முழுதாக இருந்தன. மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் முதல் வரி சரி, இரண்டாம் வரிக்குத் தலை இல்லை. இந்தத் தடவை வேறோர் இடத்தில் அறுந்திருந்தது. ஒஃபிசில் இதைவிடப் பெரிய கோளாறுகளை நான் நிதானமாகப் பார்த்துத் தீர்த்திருக்கிறேன். இங்கே என் வீட்டு அறையில், என் கணவரின் வாய்க்கு முன்னால், எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"இண்டைக்குக் காணும். நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லி அவர் சேட்டைக் கழற்றினார்.

மறுநாள் காலை ரயிலில் ஒஃபிசுக்குப் போகும்போது விடை வந்தது. பதிவு செய்யும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, யாராவது விசைப்பலகையில் 'நிறுத்து' என்று தட்டுகிறார்களா என்று ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் என் ஸ்கிரிப்டுக்குள் அந்த இடத்தில் விசைப்பலகை இல்லை. அதே வாசலில் நான் வசனக் கோப்பை நிறுத்தி வைத்திருந்தேன். ஸ்கிரிப்ட் ஒரு வரியை எடுத்துக்கொண்டு போனதும், பதிவு நிரல் அந்த வாசலுக்குப் போய், விசைப்பலகையில் தட்டுகிறார்கள் என்று நினைத்து, அடுத்த வரியின் முதல் எழுத்துகளை எடுத்து விழுங்கியிருக்கிறது. முதல் வரியை எடுக்கும்போது பதிவு இன்னும் தொடங்கவில்லை. அதனால்தான் அது மட்டும் தப்பியது.

கொள்ளுப்பிட்டி நிலையத்தில் இறங்கியதும் அவருக்கு அழைத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"விளங்குது. நான் பிள்ளையளுக்குத் தாள் குடுத்துக்கொண்டு வாறன். பின்னாலை நிக்கிற ஒருத்தன் தனக்குத்தானாக்கும் எண்டு என்ரை கையிலை இருக்கிற தாள் கட்டுக்குள்ளை இருந்து இழுக்கிறான். அதானே?"

"அதேதான்."

"அப்ப அவனை வெளியிலை நிப்பாட்டும்."

அப்படித்தான் செய்தேன். பதிவு நிரலுக்கு அந்த வாசல் தேவையில்லை, அங்கே காது வைக்காதே என்று ஒரு சொல் சேர்த்தேன். வேறு எதுவும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அன்று மாலை வரிகள் தலையோடும் வாலோடும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எனக்கு உண்டான நிம்மதி அந்தச் சிறு திருத்தத்துக்கு மிகவும் அதிகம்தான். ஆனால் அந்த வாரங்களில் காரணம் தெரிந்து, கை வைத்து, சரியாக்க முடிந்த ஒரே விடயம் அது.

பல மாலைகள் பதிவு செய்தோம். சில பதிவுகளின் பின்னால் ரயிலின் ஊதல் கேட்கும். ஒன்றில் மாடிப்படியில் யாரோ மாசிக் கருவாடு விற்கிற குரல் கேட்கும். ஏச்சு வரிகளை அவர் நன்றாக நடித்தார். அன்பான வரிகளுக்குத்தான் வெட்கப்பட்டார். எனக்கென்று சொல்கிற வரிகள் வந்தபோது, "நீர் கொஞ்சம் வெளியிலை நில்லும்" என்றார். நான் குசினிக்குப் போய் நின்றேன். எங்கள் வீட்டில் குசினிக்கும் எல்லாம் கேட்கும்.

வைத்தியசாலைக்குப் போகிறதற்கு முதல் நாள் பின்னேரம். பை கட்டி வைத்தாயிற்று. பதிவுகள் எல்லாம் என் போனில் ஏற்றியாயிற்று. மகள் போனை வாங்கி, விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள்.

"அம்மா, என்ட வரி எது?"

"எந்த வரி?"

"நான் எழுதினது. ஆகக் கடைசியில எழுதினேனே. அப்பா வாசிச்சாரா?"

எனக்குத் தெரியாது. அவள் அப்பாவின் லெப்டொப்பில், எங்கள் மூவருக்கும் பொதுவாக வைத்திருந்த கோப்பைத் திறந்து, எங்களுக்குத் தெரியாமல் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். அப்பா வாசிக்கும்போது தானாக வரும் என்று காத்திருந்திருக்கிறாள். கடைசி மாலை பதிவு நடந்தபோது அவள் தன் டியூஷன் வகுப்பில் இருந்தாள். திரையில் அந்த வரி வரவே இல்லை. அதற்கு முந்திய வரியோடு 'முடிந்தது' என்று காட்டிவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. நாங்களும் முடிந்தது என்று எழும்பிவிட்டோம்.

கோப்பைத் திறந்தேன். கடைசியில், தனியாக, அவள் எழுதியது இருந்தது.

"பரவாயில்லை, அடுத்த முறை பாப்பம்."

அவளுக்குப் புள்ளி குறையும்போது அவர் சொல்கிறது. கணக்கில் குறைந்தாலும் சொல்வார், இரசாயனவியல் வாத்தியாரின் மகளாக இருந்துகொண்டு விஞ்ஞானத்தில் குறைந்தாலும் சொல்வார். நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. அவளுக்கு அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

"பரவாயில்லம்மா. அது அவ்வளவு முக்கியம் இல்ல" என்றாள் மகள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

ஏன் அந்த வரி விடுபட்டது என்பது எனக்குப் பார்த்த உடனே விளங்கியது. கோப்பிலிருந்து வரியை எடுக்கிற கட்டளைக்கு, வரி என்றால் அதன் முடிவில் என்டர் தட்டிய அடையாளம் இருக்க வேண்டும். மகள் எழுதிவிட்டு என்டர் தட்டாமல் சேமித்திருக்கிறாள். யாரும் அப்படித்தான் செய்வார்கள். கட்டளை அந்த எழுத்துகளைக் கையில் எடுக்கத்தான் செய்கிறது. ஆனால் முடிவு அடையாளத்தைக் காணாததால், கையில் வரியை வைத்துக்கொண்டே 'கோப்பு முடிந்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறது. ஸ்கிரிப்டும் அதை நம்பி வெளியே வந்துவிடுகிறது.

"பிழை உன்னுடையது இல்ல. வாசிக்கிற விதத்துல. இப்ப சரியாக்கலாம், பாரு" என்று அவளைப் பக்கத்தில் இருத்தினேன். 'முடிந்துவிட்டது என்று சொன்னாலும், கையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்' என்ற பொருளில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். பதிவு செய்த வரிகளைத் தாண்டி நேரே கடைசிக்குப் போகச் சொன்னேன். ஓடவிட்டேன். அவளுடைய வரி திரையில் பெரிதாக வந்தது. அவள் மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் குளித்துவிட்டுச் சாரத்தோடும் தோளில் துவாயோடும் வந்தார். "என்ன, இன்னும் முடியேல்லையே?"

"ஒரு வரி இருக்கு" என்றேன்.

அவர் நின்றபடியே வாசித்தார். "பரவாயில்லை, அடுத்த முறை..." அதற்கு மேல் குரல் வரவில்லை. மைக் மட்டும் திறந்திருந்தது. பதிவு முடிந்து பீப் என்றது.

"அப்பா, திரும்ப" என்றாள் மகள், வகுப்பில் அவர் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே தோரணையில்.

இரண்டாவது முறை ஒழுங்காக வந்தது. முதல் பதிவை அழிக்கட்டுமா என்று ஸ்கிரிப்ட் கேட்டது. நான் வேண்டாம் என்று தட்டினேன். அன்றிரவு நாங்கள் மூவரும் நன்றாக நித்திரை கொண்டோம். நாளைய கதை நாளைக்கு. இன்று ஒன்றும் விடுபடவில்லை என்ற நிறைவு இருந்தது.

ஒப்பரேஷன் நாளில் மகளைக் கொட்டாஞ்சேனையில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன். தியேட்டர் கதவுக்கு வெளியே இருந்தபோது அம்மா அழைத்தார். "கோயில்ல மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தோம். பிள்ளை சாப்பிட்டா. நீ ஏதாவது சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

கடைசியில் டொக்டர் வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சது. நரம்பைக் கண்டேன், அதைத் தொடாமல்தான் கட்டியை எடுத்திருக்கிறேன். ஆனால் அவர் கதைத்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம்" என்றார்.

வார்ட்டில் அவர் கண் திறந்து படுத்திருந்தார். கழுத்தில் பெரிய பிளாஸ்டர். என்னைக் கண்டதும் கண்களால் சிரித்தார்.

"நோகுதா?"

கையை அப்படியும் இப்படியும் அசைத்தார்.

"ஏதாவது வேணுமா?"

தலையை மெதுவாக ஆட்டினார். வேண்டாம்.

நான் போனை எடுத்து, பதிவுகள் இருக்கிற பக்கத்தைத் திறந்து அவர் கைக்கருகில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னிடமே தள்ளிவிட்டார். தாதி வந்து, "மஹத்தயா, பொட்டக் கதா கரலா பலன்ன" என்று கொஞ்சம் கதைத்துப் பார்க்கச் சொன்னார். என் கணவர் தாதிக்கும் ஒரு சிரிப்பைத்தான் கொடுத்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்களில் அன்றைக்கே ஒப்பரேஷன் செய்தவர்கள் முனகினார்கள், தண்ணீர் கேட்டார்கள், பிள்ளைகளோடு போனில் பேசினார்கள். இவர் மட்டும் உதடு திறக்கவில்லை.

குரல் போய்விட்டது என்று நான் முடிவு செய்துவிட்டேன். தாழ்வாரத்தில் போய் நின்றேன். அம்மா மறுபடி அழைத்தபோது, "நல்லா இருக்கார்" என்று மட்டும் சொன்னேன். "பிள்ளையோட கதைக்கச் சொல்லேன்" என்றார் அம்மா. பிறகு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரம் டொக்டர் சுற்று வந்தார். தாதி ஏதோ சொல்ல, அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் மாஸ்டர் கதைக்கவில்லையாம்? 'ஈ' என்று சொல்லுங்க பார்ப்போம்."

என் கணவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"கதைக்க முயற்சி செய்து வரவில்லையா?"

மறுபடியும் இல்லை என்று ஆட்டினார்.

டொக்டர் அவர் பக்கம் குனிந்தார். "பயமா இருக்கா?"

அவர் கண்களை மூடிக்கொண்டு, ஓம் என்று தலையசைத்தார்.

"எனக்கும்தான். நீங்கள் ஒரு சத்தம் போட்டீங்கள் என்றால் நான் நிம்மதியா வீட்டுக்குப் போவேன்."

அவர் மூச்சை இழுத்தார். "ஈ..." துருப்பிடித்த இரும்புக் கேட்டைச் சீமெந்துத் தரையில் இழுத்த மாதிரி ஒரு ஒலி. ஆனால் ஒலி. அது அவருடையதுதான்.

"இன்னும்" என்றார் டொக்டர்.

"ஈ... தொண்டை நோகுது" என்றார் என் கணவர்.

டொக்டர் சத்தமாகச் சிரித்தார். "நோகத்தானே வேணும்! நரம்பு வேலை செய்யுது. கரகரப்புப் போகக் கொஞ்ச நாள் எடுக்கும். அவ்வளவுதான்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டொக்டர் போன பிறகு, கிசுகிசுப்பை விடக் கொஞ்சம் பெரிய குரலில் அவர் சொன்னார்: "கதைக்கப் பாத்து வராமல் போனால், குரல் போயிட்டுது எண்டு தெரிஞ்சுபோகும். கதைக்காமல் இருக்கிற மட்டும் அது இருக்குத்தானே."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"எப்பிடிச் சொல்லுறது?" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். சிரித்தும் இருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சில வாரங்கள் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில்தான் பதிவுகள் உண்மையில் பயன்பட்டன. காலையில் மகளின் கட்டிலருகே போய் நின்று போனில் ஒரு வரியை அழுத்துவார். பழைய முழுக் குரல் அறையை நிறைக்கும். அவள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, வாயாலயே சொல்லுங்க, மெதுவாச் சொன்னாலும் எழும்புறேன்" என்பாள். அவர் குனிந்து கரகரவென்று எழும்பச் சொல்வார். ஏச்சு வரிகளைக் கிரிக்கெட் நாளில் ஒரு தடவை உபயோகித்தார். எனக்கென்று பதிவு செய்தவற்றை அவர் அழுத்தவே இல்லை. அவற்றை நான்தான் ஒஃபிசில் இருந்து ஒரு நாள் காதில் வைத்துக் கேட்டேன். கேட்டதாக அவரிடம் சொல்லவில்லை.

கட்டியின் முழுப் பரிசோதனை அறிக்கைக்குக் கனநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. கொள்ளுப்பிட்டியில் டொக்டர் பார்க்கிற இடத்துக்கு நானும் ஒஃபிசில் இருந்து நடந்து போனேன். என் கணவர் முன்பே வந்து வெளியில் நின்றார். உள்ளே டொக்டர் அறிக்கையை எடுத்து, முதலில் தானே ஒரு தடவை கீழ்வரை வாசித்தார். அந்த நேரம் எனக்கு நீளமாக இருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, "கெட்டது ஒன்றும் இல்லை. வெறும் கட்டிதான். இனி ஆறு மாதத்துக்கு ஒருக்கா வந்து முகத்தைக் காட்டினால் போதும்" என்றார்.

வெளியே வெயில் சரிந்திருந்தது. காலி நகருக்குப் போகிற காலி வீதியில் பஸ் ஏறினோம். அதிசயமாக இருக்கை கிடைத்தது, அதுவும் இருவருக்கும் ஒன்றாக. அவர் கதைக்கத் தொடங்கினார். புதுத் தவணைக்கு எந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிப்பது, மண்டபத்து மைக்கை மாற்றச் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்குச் சேதன இரசாயனம் ஏன் விளங்குவதில்லை, அதை வேறு விதமாகச் சொன்னால் என்ன. குரலில் இன்னும் கொஞ்சம் மணல் இருந்தது. பஸ்ஸின் சத்தத்துக்கு மேலால் அதை உயர்த்தினார். முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள். நான் யன்னல் பக்கம் சாய்ந்து, ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பம்பலப்பிட்டியைத் தாண்டியது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவர் தோளை அசைத்தபோது விழித்தேன். கலியாண வீட்டு நாளுக்குப் பிறகு பகலில் நான் கண்ணயர்ந்தது அதுதான் முதல் தடவை. வெளியே எனக்குப் பழக்கமில்லாத கடைகள் போய்க்கொண்டிருந்தன.

"எங்க நிக்கிறோம்?"

"எங்கடை இடம் போய், தெஹிவளைப் பாலமும் தாண்டியிட்டுது" என்றார் அவர். "கதைச்சுக்கொண்டு இருந்ததிலை நானும் பாக்கேல்லை. எழும்பும், இறங்கி நடப்பம்."

இறங்கி, வந்த வழியே வெள்ளவத்தைப் பக்கம் நடக்கத் தொடங்கினோம். விட்ட இடத்திலிருந்து அவர் சேதன இரசாயனத்தைத் தொடர்ந்தார்.